குழாய்க்குள் பிடித்த நெருப்பு

மாசிலாமணி மலையேறி உலகம்மையிடம் வந்து சேர்ந்தபோது நண்பகல் தாண்டியிருந்தது. தன்னைவிட இளைய பெண்ணைக் குருவாக ஏற்றுக்கொண்டதற்கு ஊரில் அவரைக் கேலி பேசாதவர் இல்லை. அவருக்கு அதெல்லாம் உறைக்காது.

இன்று வந்த விஷயம் வேறு. மகள் செண்பகத்துக்கு அந்தமானில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. சாயங்கால பஸ்ஸில் ஏறினால்தான் கப்பலைப் பிடிக்கலாம். அப்பா வாயால் போயிட்டு வா என்று சொல்லாமல் ஏறமாட்டேன் என்று பெட்டியோடு அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தாள். தாயில்லாமல் வளர்த்த பிள்ளை. மனுஷனுக்குப் பயம், வேறொன்றுமில்லை.

"அவளை விட்டுட்டா எங்கிட்ட என்னம்மா மிஞ்சும்?" என்று கேட்டார்.

உலகம்மை அடுப்புப் பக்கம் திரும்பினார். தூறலில் தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. ஒரு முனை அடைத்த மூங்கில் குழாயையும், அதற்குள் இறுக்கமாக இறங்கும் தண்டையும் கொடுத்தார். தண்டின் நுனிக் குழியில் கருக்கிய துணியை வைத்து ஓங்கிக் குத்தினால், உள்ளே நெருக்குண்ட காற்றின் சூட்டில் துணி கனன்றுவிடும். முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள், கஞ்சி குடித்துவிட்டுப் பேசலாம் என்றார்.

மாசிலாமணி குத்தினார். நல்ல குத்துதான். பிடித்த நெருப்பு தப்பிவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் தண்டை அமுக்கிக்கொண்டார், உடும்புப்பிடியாக. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல உருவிப் பார்த்தால் துணி கறுப்பாகவே கிடந்தது. மறுபடியும் குத்தி இன்னும் கெட்டியாக அமுக்கினார். வேர்வை கொட்டியதுதான் மிச்சம். குழாய் ஓட்டை என்றார், துணி ஈரம் என்றார், மூங்கிலை வெட்டினவனையும் விட்டுவைக்கவில்லை.

உலகம்மை அதே துணியை வைத்து ஒரு குத்து குத்தினார். குத்திய கையோடு உருவினார். நுனியில் சின்னதாகச் சிவப்பு. அதைத் தேங்காய் நாரில் தட்டி ஊத, புகைந்து பற்றிக்கொண்டது.

"நானும் இப்படித்தானேம்மா குத்தினேன்?"

"குத்தினீங்க. அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"அணைஞ்சிடக் கூடாதேன்னு விடாம அமுக்கிப் பிடிச்சிருந்தேன்."

"உங்களுக்கும் ஒவ்வொரு தடவையும் பிடிச்சுதுதான் ஐயா. வெளியே வர விடல, அங்கேயே மூச்சு முட்டி அணைஞ்சுது."

மாசிலாமணி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கஞ்சிப் பானை ஏறியது. எழுந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை.

"கஞ்சி குடிச்சதும் பேசலாம்னு சொன்னீங்களே" என்றார்.

உலகம்மை அடுப்பிலிருந்து நிமிரவில்லை.

"கஞ்சி எங்கேயும் போகாது. பஸ் எத்தனை மணிக்கு?"