மணியடிக்காதவர்கள்

நெடுங்கரை நாட்டு அமைச்சர் தாண்டவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவருடைய குரு மங்கலை அம்மைக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கும். தாண்டவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. மண்டையைக் குடைகிற கேள்வி வந்தால் குதிரையை அம்மையின் குடிசைக்குத் திருப்பிவிடுவார்.

அன்றைக்கும் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்ன ஆச்சு?"

"கோட்டை வாசல் சாசனந்தான் அம்மா."

அது பழைய கல். ஒரு சாமியைக் கும்பிடுகிறவர்கள் இன்னொரு சாமியின் மணியை அடிக்கவிடாமல் வெட்டுக்குத்து ஆன காலத்தில், அன்றைய மன்னர் வெட்டிவைத்தது. 'மணியோசையையும் சங்கோசையையும் யாரும் தடுக்கக் கூடாது.' அந்த ஒற்றை வரியை நம்பித்தான் நாடு இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியது.

இப்போது மௌனக்காரர்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. சிலை கிடையாது, பாட்டு கிடையாது. விடியற்காலையில் ஒரு கொட்டகையில் கூடிக் கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். தளபதி வல்லாளருக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. மணியுமில்லை, சங்குமில்லை, அதனால் சாசனமும் இவர்களுக்கு இல்லை என்று சொல்லிக் கொட்டகையைப் பூட்டிவிட்டார். பாவம், அவர்கள் ஒரு மணியை வாங்கி, நாக்கைக் கழற்றிவிட்டு வாசலில் தொங்கவிட்டார்கள். காவலர்கள் ஆட்டிப் பார்த்துவிட்டு அதையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

"கல்லைத் திருத்தலாமா வேண்டாமான்னு நாளைக்குச் சபையில ராஜா என்னைத்தான் கேப்பார்," என்றார் தாண்டவர். "வேண்டாம்னா அந்த ஜனங்க நாட்டை விட்டே போகணும். திருத்தலாம்னு நான் வாயைத் திறந்தா, தளபதி முந்திக்குவார். உளியைக் கையில எடுத்துட்டா, இருக்கிற வரியையும் செதுக்கி எறிஞ்சிடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு அம்மா."

அம்மை ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

"தளபதியோட குலசாமி எங்க இருக்கு?"

"மலையடிவாரத்துல, மரத்தடியில. எதுக்கு?"

"பூசை எப்படி?"

"வருஷத்துக்கு ஒரு தடவை. பூசாரி வாயைத் துணியால கட்டிக்கிட்டுத்தான் உள்ள போவார். படையல் முடியிற வரைக்கும் வெளிய ஒருத்தரும் மூச்சு..."

தாண்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அதை நாளைக்கு அவர்கிட்டயே கேளுங்க," என்றார் அம்மை, தலை நிமிராமல்.

மறுநாள் சபையில் தளபதி ஒரு பாட்டம் பேசித் தீர்த்தார். தாண்டவர் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க குலசாமிக்கு மணி உண்டா?"

தளபதி முன்கோபிதான். ஆனால் குலசாமி விஷயத்தில் பொய் சொல்லத் துணிய மாட்டார்.

"கிடையாது," என்றார். "சின்ன வயசுல அங்க ஒரு தடவை தும்மிட்டேன். எங்கப்பா என்னைத் தூக்கிட்டுப் போய் வயக்காட்டுல விட்டுட்டு வந்தார்."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. மன்னர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "அப்போ நான் என்ன செய்யட்டும், தளபதி?"

"மேல இருக்கிறதைத் தொட வேண்டாம் ராஜா. கீழே ஒரு வரி சேர்த்துக்கலாம்." கொட்டகைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துத் தாண்டவரிடம் நீட்டினார்.

தாண்டவர் சாவியை வாங்கிக்கொண்டார். இத்தனை சந்தோஷம் அவருக்கு வந்து நாளாகிவிட்டது. தானே போய்ப் பூட்டைத் திறந்துவிட்டார். மௌனக்காரர்கள் நன்றிகூடச் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவரும் கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்துவிட்டு அம்மையிடம் ஓடினார்.

"சிற்பி வேலையை ஆரம்பிச்சிட்டான் அம்மா. மௌனத்தையும் யாரும் தடுக்கக் கூடாதுன்னு வெட்டுறான். அதுக்குக் கீழே, கல்லோட அடி வரைக்கும் பூ வேலை செஞ்சு நிறைவா முடிச்சுடச் சொல்லியிருக்கேன். இனிமே இந்தக் கல்லுகிட்ட யாரும் உளியோட வர வேண்டியதில்லை. அப்பாடான்னு இருக்கு."

அம்மை சிரித்துவிட்டார்.

"சீக்கிரம் போங்க. பூவை மேல வைக்கச் சொல்லுங்க. கீழே இடம் இருக்கட்டும்."