ஆமை புகுந்த மாளிகை

முன்னொரு காலத்தில் மருதங்கூர் நாட்டைக் கீர்த்திமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். சிரிக்கவைத்தால் ஊரையே தூக்கிக் கொடுப்பார். கொட்டாவி வந்தால் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்.

அவர் சபையில் தண்டபாணிராயர் என்றொரு பிரபு. ராஜாவின் மீசையைப் புகழ்ந்து புகழ்ந்து, மலையடிவாரத்தில் ஒரு நிலத்தை மானியமாக வாங்கியிருந்தார். போய்ப் பார்த்தால் வெறும் கல்லும் கள்ளியும்! மந்திரி பூவணருக்கோ முத்துமாலை. ராயருக்கு வயிறு எரிந்தது. மானியச் செப்பேட்டை எடுத்துத் துருவித் துருவிப் படித்தார். எல்லா நிலப் பட்டயங்களிலும் வரும் பழைய வாசகம் அதிலும் இருந்தது: ‘உடும்பு ஓடி, ஆமை தவழ்ந்த இடமெல்லாம் உட்பட.’

ராயர் துள்ளி எழுந்தார். ஓர் உடும்பைப் பிடித்துவந்து, பக்கத்திலிருந்த செவந்தியின் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் விரட்டினார்.

“உடும்பு ஓடிவிட்டது. இனி இது என் இடம்!”

செவந்தி சபைக்கு ஓடிவந்தாள். “மகாராஜா, புருஷன் போன பிறகு என் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அந்தக் கொடிக்கால்தான்!”

“நானா பறித்தேன்? அரசரின் செப்பேடு சொல்கிறது” என்றார் ராயர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். “பலே, ராயரே!”

மந்திரி பூவணர் எழுந்தார். “ராயர் சொல்லும் பொருளையே நாட்டுக்கெல்லாம் சட்டமாக்கிவிடலாம், அரசே.”

“அப்படியே ஆகட்டும்!” என்றார் ராஜா. மந்திரியே நம் பக்கமா! ராயருக்குத் தலைகால் புரியவில்லை.

“நீங்களுமா, ஐயா?” என்று விம்மினாள் செவந்தி.

“அழாதே, அம்மா. உன்னிடமும் பட்டயம் இருக்குமே? ஊர்க்குளத்தில் போய் முகம் கழுவு. அங்கே ஆமைகள் ஏராளம்.”

பாவம், மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ராயர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கட்டிலைவிட்டு இறங்கினார். காலடியில் ஆமை! கூடத்தில் ஆமை, அடுப்படியில் ஆமை. வாசலில் செவந்தியும் ஊராரும் ஆளுக்கொரு பட்டயத்தோடு நின்றார்கள்.

“ஆமை தவழ்ந்துவிட்டது, ராயரே. கூடம் எனக்கு, அடுப்படி இவருக்கு!” என்றாள் செவந்தி.

“ஆமை புகுந்த வீடு உருப்படுமா? நான் எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறேன்!” என்று ராயரின் மனைவி மூட்டை கட்டினாள்.

ராயர், மறுபடி பிடித்துக் கட்டிவைத்திருந்த உடும்பையும் சாட்சிக்கு இடுக்கிக்கொண்டு சபைக்கு ஓடினார்.

“அரசே, அநியாயம்! எல்லைக்கு உள்ளே கல்லும் முள்ளும்கூட விடாமல் எல்லாம் உரியவனுக்கே என்பதுதானே அந்த வாசகத்தின் பொருள்? எல்லைக்கு வெளியே ஆமை தவழ்ந்தால் என்ன, ஆனை நடந்தால் என்ன?”

“இவ்வளவு தெளிவாக எனக்குக்கூடச் சொல்லவராது” என்றார் பூவணர். “அந்தக் கொடிக்கால் உமது எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?”

ராயரின் பிடி நழுவியது. உடும்பு குதித்து நேரே சிம்மாசனத்தை நோக்கி ஓடியது. ராஜா காலைத் தூக்கிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ராயரே, இப்போது இது யாருடைய இடம்?”

ராயர் தரையில் பாய்ந்து அதன் வாலைப் பற்றினார். “அரசே! இது உடும்பே இல்லை, கொழுத்த ஓணான்!”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவாலும் அடக்க முடியவில்லை. தம் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். கொடிக்கால் செவந்திக்கே, மாளிகை ராயருக்கே என்று தீர்ப்பாயிற்று. ஆமைகளைக் கூடையில் ஏற்றி, தெருத்தெருவாகத் தலையில் சுமந்து, குளத்தில் விடும் வேலை ராயருக்கு.

கடைசி ஆமை போன பிறகுதான் அவர் மனைவி வீடு திரும்பினாள். உடும்பு மட்டும் ராயருடைய கள்ளிக்காட்டிலேயே தங்கிவிட்டது. அது எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள, பாவம், ராயரே காவல் இருந்தாராம்!