விழாத சர்வர்

“விழாத சர்வர் ஒண்ணு சொல்லுங்க வாத்தியாரம்மா. விலையும் கையைக் கடிக்கக் கூடாது.”

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கறதுக்குள்ள கேட்டுட்டார் சவரிமுத்து.

ஜெஸிமா நிமிர்ந்து பார்க்கல. முறத்துல முருங்கைக்கீரை ஆய்ஞ்சுகிட்டிருந்தாங்க.

“உட்காருங்கண்ணே. ஒரு கொத்து எடுத்துக்குங்க.”

சவரிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்துக்கிட்டார்.

சிஷ்யனுக்கு ஐம்பத்து மூணு வயசு. குருவுக்கு முப்பத்தொண்ணு. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டு வாங்க, நான் காத்திருக்கேன்.

ஜெஸிமா ஒரு பெரிய கேம் கம்பெனியில எட்டு வருஷம் சர்வர் பார்த்தவங்க. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுட்டு, திருச்சி பாலக்கரையில புருஷன் கடை மாடிக்குக் குடி வந்துட்டாங்க. தொழில்ல சந்தேகம்னு யார் வந்தாலும் சொல்லித் தருவாங்க. காசு வாங்க மாட்டாங்க. கீரை ஆயச் சொல்லுவாங்க.

சவரிமுத்து தொழில் இதுதான். வேற வேற ஊர்ல இருக்கிறவங்க ஒரே ஆட்டத்துல சேர்ந்து ஆடணும்னா, அந்த ஆட்டம் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர்ல இடைவிடாம ஓடணும். அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர். அது நின்னு போனா, சர்வர் விழுந்துச்சும்பாங்க. அதை மொத்தமா வாடகைக்குப் பிடிச்சு, துண்டு துண்டாப் பிரிச்சு, ஆடறவங்களுக்கு வாடகைக்கு விடுவார்.

இந்த வாரத்தோட அவர் பிடிச்ச சர்வருக்கு ஒப்பந்தம் முடியுது.

“அதையே நீட்டிச்சுக்க வேண்டியதுதானே?”

“வேணவே வேணாம். அதாலதான் அந்தப் பிள்ளை வராமப் போச்சு.”

“எந்தப் பிள்ளை?”

“முசிறியில வெண்பான்னு ஒரு பொண்ணு. பதினோரு வயசு. அவங்கப்பா ரியாத்ல கிரேன் ஓட்டறார். ஊருக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா ரெண்டு பேரும் என் சர்வர்லதான் சந்திப்பாங்க. கட்டை கட்டையா அடுக்கி வீடு கட்டற ஆட்டம் இருக்குல்ல, அது. அந்த மனுஷன் பொண்ணுக்கு ஒரு வீடு கட்டினார். மாடி, பால்கனி, ஊஞ்சல் எல்லாம் வச்சு.”

“சரி.”

“போன வாரத்துக்கு முந்தின வாரம் அது அழிஞ்சு போச்சுங்க. அதுலேர்ந்து பொண்ணு வரல. நேத்து வெள்ளிக்கிழமை அப்பா மட்டும் வந்தார். வெறும் தரையில ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போயிட்டார்.”

சவரிமுத்துக்கு ஐம்பது வாடகைக்காரங்க இருக்காங்க. அந்த ரெண்டு பேரை நினைச்சாத்தான் சாப்பாடு இறங்கல.

“இனிமே வரவே மாட்டாங்களோன்னு பயமா இருக்கு. நல்ல சர்வரா மாத்திட்டா வருவாங்கல்ல?”

ஜெஸிமா அடுத்த கொத்தை எடுத்துக்கிட்டாங்க.

“யார் யாரைப் பார்த்து வச்சிருக்கீங்க?”

“மூணு பேரு. ஒண்ணு பெரிய கம்பெனி, விலை யானை விலை. ரெண்டாவது அடிமாட்டு விலை, ஆனா அள்ளித் தர்றேங்கிறான். மூணாவது மும்பையில நாலு பேர் சேர்ந்து நடத்தறது. விலை நடுவாந்தரம். வேகத்தையும் பார்த்துட்டேன், ரெண்டாவதுதான் பறக்குது.”

“வேகத்தை எங்கேர்ந்து பார்த்தீங்க?”

“என் சீட்லேர்ந்துதான்.”

“ஆடப்போறது நீங்களா?”

சவரிமுத்து நாக்கைக் கடிச்சுக்கிட்டார். மனுஷன் ஒரு வாரமா தன் நாற்காலியில உட்கார்ந்து அளந்துகிட்டிருந்திருக்கார். ரியாத்ல இருக்கிறவருக்கு எப்படி இருக்கும்னு தோணவே இல்ல பாருங்க.

அங்கேயே போனை எடுத்து, மூணு சர்வரோட சோதனை லிங்கையும் வெண்பா அப்பாவுக்கு அனுப்பினார். அவர் கிரேன் மேல உட்கார்ந்தபடியே மூணையும் சோதிச்சு அனுப்பிட்டார். பறந்தது அங்கே தவழுது. மத்த ரெண்டும் பழுதில்ல.

“ரெண்டாவது போச்சா?”

“இருங்கண்ணே, அவசரப்படாதீங்க. மூணு பேருக்கும் ஒரே கேள்வி எழுதுங்க. கடைசியா உங்க சர்வர் எப்ப விழுந்துச்சு, ஏன் விழுந்துச்சு?”

“பொண்ணு பார்க்கப் போன இடத்துல, உங்க வீட்ல யாருக்கெல்லாம் பைத்தியம்னு கேட்கிற மாதிரி இருக்கே!”

“கேளுங்க.”

கேட்டார்.

பெரிய கம்பெனிக்காரன் ஒரே நிமிஷத்துல எழுதிட்டான். எங்களுக்கு விழுந்த வரலாறே கிடையாது, இன்னிக்கே சேர்ந்தா பத்து சதவீதம் தள்ளுபடி.

ரெண்டாவதுகிட்டேர்ந்து, உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்னு மெஷின் ஒண்ணு பதில் போட்டுச்சு. அப்புறம் ஆளையே காணோம்.

முறத்துல பாதிக்கீரை ஆய்ஞ்சு முடிச்சப்புறம் மும்பைக்காரன் எழுதினான். இங்கிலீஷ்ல இருந்துச்சு. தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்.

போன மாசம் பன்னெண்டாம் தேதி பதினேழு நிமிஷம் நின்னு போச்சு. நான்தான் தப்பான வயரைக் கழட்டிட்டேன். அன்னிக்கே எல்லா வாடிக்கையாளருக்கும் எழுதிச் சொல்லிட்டேன். இப்ப வயருக்கு வயர் பேர் எழுதி ஒட்டியிருக்கோம்.

சவரிமுத்துக்கு வந்துச்சே கோபம்!

“பார்த்தீங்களா லட்சணத்தை! வயரைக் கழட்டினானாம். அதைக் கூச்சமில்லாம எழுதறான். இவனை நம்பி அந்தப் பிள்ளையை எப்படிங்க நான் கூப்பிடறது?”

ஜெஸிமா ஒரு காம்பை உருவினாங்க.

“அண்ணே, அந்த வீடு ஏன் அழிஞ்சுச்சு?”

“சர்வர் சரியில்லைங்க.”

“பிள்ளைக்கு என்னன்னு எழுதினீங்க?”

“எல்லாரும் எழுதறதுதான். உங்க பக்கம் லோடு அதிகம், அதனால பாதிப்பு.”

இந்தத் தொழில்ல இருக்கிற அத்தனை பேர் வாயிலயும் ரெடியா இருக்கிற பதில் அது. ஆடறவங்க ஆட்டத்துக்குள்ள சர்வர் தாங்காத அளவுக்கு எதையெதையோ சேர்த்துட்டாங்கன்னு அர்த்தம். காரணம் தெரியலைன்னாலும் லோடு அதிகம், சொல்லப் பிடிக்கலைன்னாலும் லோடு அதிகம். கேட்கிறவங்களுக்கு அதுக்கு மேல கேட்கத் தெரியாது.

“நிஜமாவே லோடு அதிகமா?”

சவரிமுத்து கீரையை வேக வேகமா உருவிப் போட்டார்.

“காம்பையும் சேர்த்துப் போடறீங்கண்ணே.”

அவர் கை நின்னு போச்சு.

“தினமும் ஆட்டத்தை ஒரு நகல் எடுத்து வைப்பேன் வாத்தியாரம்மா. பழைய நகலையெல்லாம் அப்பப்ப அழிக்கணும். நான் அழிக்கல. இடம் நிறைஞ்சுகிட்டே வருதுன்னு மூணு வாரமா தினம் எச்சரிக்கை வந்துச்சு. நாளைக்குப் பார்த்துக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தள்ளிவிட்டேன். புது நகல் ஒண்ணுகூட ஏறல. கடைசியில எழுத இடமில்லாம அவங்க துண்டுல ஆட்டமே கெட்டுப் போச்சு. கையில இருந்தது மூணு வாரத்துக்கு முந்தினது. அந்த வீடு அதுக்கப்புறம் கட்டினது.”

“சர்வர் விழுந்துச்சா?”

“இல்லீங்க.”

“வேற?”

“நான்தான்.”

ஜெஸிமா திட்டல. கையைத் துடைச்சுட்டு, கீழே கிடந்த அவர் போனை எடுத்து அவர் கையிலேயே குடுத்தாங்க. அவ்வளவுதான்.

ஐம்பத்து மூணு வயசு ஆள், பதினோரு வயசுப் பிள்ளைக்கு நாலு வரி எழுத எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டார் தெரியுமா? எழுதினார், அழிச்சார், மறுபடியும் எழுதினார். எனக்கே பாவமா இருந்துச்சு.

‘வெண்பா, லோடு அதிகம்னு நான் சொன்னது பொய். உங்க பேர்ல ஒரு தப்பும் இல்ல. நான் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாம விட்டுட்டேன். அதான் அப்பா கட்டின வீடு போச்சு. மன்னிச்சுடும்மா.’

அனுப்பிட்டுப் போனைக் கவுத்து வச்சுட்டார்.

“திட்டட்டும். அவங்கப்பாவும் திட்டட்டும். வாங்கிக்கிறேன்.”

“ம்.”

“அந்த வயர்க்காரன்கிட்டயே சர்வரை எடுத்துக்கிறேன் வாத்தியாரம்மா.”

“எடுத்துக்குங்க.”

ரெண்டு பேரும் மிச்சக் கீரையை ஆய்ஞ்சாங்க. உள்ளே தொட்டில்ல பிள்ளை சிணுங்குச்சு. ஜெஸிமா எழுந்து போய் ஆட்டி விட்டுட்டு வந்தாங்க.

போன் ‘டிங்’னு அடிச்சுது.

சவரிமுத்து எடுக்கல. ஜெஸிமா அதைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தி வச்சாங்க.

‘நிஜமாவா அங்கிள்?’

அவர் பதில் எழுதறதுக்குள்ள அடுத்தது வந்துடுச்சு.

‘நான் அதுல கோழி வளர்த்தேன். நானூறு கோழி. அப்பாவுக்குத் தெரியாது. நீங்க லோடு அதிகம்னு சொன்னதும் என் கோழிங்களாலதான் அப்பா வீடு இடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். அதான் அப்பா கூப்பிட்டப்பெல்லாம் பரீட்சை இருக்குன்னு சொல்லிட்டேன்.’

சவரிமுத்து வாயைப் பொத்திக்கிட்டார்.

இன்னும் ஒண்ணு வந்துச்சு.

‘இப்ப நான் அப்பாகிட்ட போலாமா?’