நீர்நாய் எடுத்த கோமாளி மீன் படம்

மலை ஆற்றில் குடியிருந்த நீர்நாய் ஒன்று, கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கடலுக்கு வந்தது. கேமராவைக் கொடுத்தது குரங்கு. குரங்குக்கு அது எங்கே கிடைத்தது என்று நீர்நாய் கேட்டுக்கொள்ளவில்லை. கோமாளி மீனின் முகத்தை நேருக்கு நேர் படம் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று ஆற்றங்கரை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தது.

பவளப்பாறைத் தீவில் விருந்தாளிகளைக் கடலுக்குள் கூட்டிப்போவது ஒரு நீர்க்காகத்தின் வேலை. யார் வந்தாலும் அது சொல்வது ஒன்றேதான். பவளத்தைத் தொடக் கூடாது. படம் எடுக்கப்போகும் மீனைத் தின்னக் கூடாது. முதல் முறை வெறுங்கையோடு இறங்கி, ஓர் இடத்தில் அசையாமல் நிற்கப் பழக வேண்டும். கேமரா உறையின் ரப்பர் வளையத்தைத் துடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். வளையத்தில் ஒரு முடி சிக்கினாலும் உள்ளே தண்ணீர் போய்விடும்.

நீர்நாய்க்கோ உடம்பெல்லாம் முடி. துடைக்கத் துடைக்க இன்னொன்று ஒட்டியது. அதிலேயே பாதிக் காலை போய்விட்டது. அதையாவது பொறுத்துக்கொண்டது. நிற்கப் பழகச் சொன்னதுதான் அதற்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, நான் வளர்ந்ததே தண்ணியிலதான். எனக்கே பாடமா?"

"நீச்சல் வேற, நிக்கிறது வேற," என்றது நீர்க்காகம். "உனக்கு அவசரம்னா இறங்கு. நான் பிடிச்சா வச்சிருக்கேன்?"

நீர்நாய் கேமராவோடு குதித்தது.

பாறை இடுக்கில் கடல் சாமந்தி ஒன்று விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தால் பூ, தொட்டால் சுடும். கோமாளி மீனை மட்டும் அது சுடாது. அதன் அடியில் ஒரு தட்டைக்கல். கல் முழுக்கக் கடுகு தூவியதுபோல முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் பொட்டாக இரண்டு கண்கள் தெரிந்தன. கோமாளி மீன்கள் வீட்டில் முட்டைக்குக் காவல் இருப்பது தகப்பன்தான். அது கல்லைப் பார்த்துத் திரும்பி நின்று, செட்டைகளால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இப்படித் திரும்புங்க, ஒரே ஒரு படம்," என்று கேட்டது நீர்நாய்.

"முடியாதுங்க. பொழுது சாய்ஞ்சதும் பிள்ளைங்க வெளிய வந்துரும். அதுவரைக்கும் நான் இந்தக் கல்லை விட்டு நகர முடியாது. அந்தா பாருங்க, யாரு காத்துக்கிட்டிருக்கான்னு."

பாறைக்கு அந்தப் பக்கம் வரிமீன்கள் நாலைந்து, வேலை இல்லாதவர்கள்போல மேலும் கீழுமாக உலாத்திக்கொண்டிருந்தன. முட்டை என்றால் அவற்றுக்கு உயிர்.

நீர்நாய் பின்னாலிருந்து எடுத்தது. வால் விழுந்தது. சுற்றிப்போய் எடுத்தது. மறுபடியும் வால். தள்ளிப்போய் எடுத்தது. நீலமாக ஏதோ விழுந்தது. மூச்சு முட்டி மேலே வந்து நீர்க்காகத்திடம் காட்டியபோது, வால் நன்றாகத்தான் இருக்கிறது, ஊரில் போய் இதுதான் முகம் என்று சொல்லிவிடு என்றது அது.

நீர்நாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. ஆற்றில் மீன் கல்லுக்கு அடியில் ஒளிந்தால் நீர்நாய்கள் என்ன செய்யும்? அடி மண்ணைக் கலக்கிவிடும். மீன் தானாக வெளியே வரும். இங்கே மட்டும் வராதா?

மறுபடி இறங்கியது. கடல் சாமந்திக்குக் கீழே நான்கு காலாலும் மணலைக் கலக்கியது. சோறு வடித்த கஞ்சிபோலத் தண்ணீர் வெளுத்தது. கோமாளி மீன் சீறிக்கொண்டு வெளியே வந்து நீர்நாயின் மூக்கில் ஒரு கடி கடித்தது. நீர்நாய் பின்வாங்கியது. மீன் விடாமல் துரத்தியது. வாயைத் திறந்துகொண்டு அது முகத்துக்கு நேரே வந்த அந்த நொடியில் நீர்நாய் பொத்தானை அழுத்திவிட்டது.

படம் பிரமாதமாக வந்திருந்தது. முகம், கண், திறந்த வாய் எல்லாம் தெளிவு. பாறைமேல் உட்கார்ந்து நீர்க்காகத்திடம் நீட்டியது. நீர்க்காகம் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தின் மூலையில் அலகை வைத்தது.

"இது என்ன?"

அங்கே, கோமாளி மீனுக்குப் பின்னால், கலங்கிய தண்ணீருக்குள் வரிமீன்கள் கல்லின்மேல் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தன.

நீர்நாய் கேமராவைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது. வரிமீன்களைப் பாறையின் கோடிவரை விரட்டியது. திரும்பி வந்து பார்த்தபோது கல்லில் பாதி வழித்துத் துடைத்ததுபோல வெறுமையாக இருந்தது. மீதிப் பாதியில் மணல் படிந்திருந்தது. கோமாளி மீன் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. மணல் போக விசிறிக்கொண்டே இருந்தது. திட்டியிருந்தால் நீர்நாய்க்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் என்ன செய்யட்டும்?" என்றது நீர்நாய் மெதுவாக.

"அந்தப் பக்கம் நில்லுங்க. ஆடாம நில்லுங்க. நீங்க காலை அசைச்சா மண்ணு கிளம்பும். மண்ணு விழுந்தா அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

நீர்நாய் நின்றது. சொல்வது எளிது, நிற்பதுதான் கஷ்டம். வால் ஆடப் பார்த்தது. கால் உதைக்கப் பார்த்தது. மூச்சு தீர்ந்தால் துள்ளி ஏறக் கூடாது, மெல்ல எழ வேண்டும். அது மேலே போன நேரங்களில் நீர்க்காகம் வந்து அந்த இடத்தில் நின்றது. வரிமீன்கள் வந்து எட்டிப் பார்த்தன. மீசையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. நாலைந்து முறை ஏறி இறங்கியபின், தன் காலடியில் துளி மணலும் கிளம்பவில்லை என்பதை நீர்நாயே கவனித்தது.

பொழுது சாய்ந்தது. முட்டைகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. எள்ளைவிடச் சின்னப் பிள்ளைகள், கண்ணாடிபோன்ற உடம்போடு, நீர்நாயின் மீசையை உரசிக்கொண்டு மேலே மிதந்து போயின. கடைசிப் பிள்ளையும் போனபிறகு கோமாளி மீன் முதல் முறையாகத் தானாகவே திரும்பியது. ஒரு சாண் தூரத்தில், நீர்நாயின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கேமரா மேலே பாறையில் கிடந்தது.

"பாதி பிழைச்சிருச்சு," என்றது மீன்.

நீர்நாய் மண் கிளம்பாமல் மெல்ல மேலே எழுந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஆற்றங்கரையே கூடிவிட்டது. குரங்கு கேமராவைப் பிடுங்கிப் படத்தைப் பார்த்து, என்ன முகம், என்ன முகம் என்று குதித்தது. ஆமையும் தவளையும் முண்டியடித்தன. இவ்வளவு தெளிவாக எப்படி எடுத்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். நீர்நாய் சிரிக்கவில்லை. அவர்களைப் படத்தின் மூலையைப் பார்க்கச் சொன்னது. பிறகு அங்கே நடந்ததை முதலிலிருந்து சொன்னது.

தண்ணீருக்குள் படம் எடுக்கப் போகிறவர்கள், அங்கே குடியிருப்பவர்களை நகர்த்தப் பார்க்காமல், தாங்கள் அசையாமல் நிற்கத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.