அரைத் தேக்கரண்டி உப்பு

மலையடிவார ஆசிரமம் ஒன்றில் திலகவதி அம்மையார் மருத்துவம் கற்பித்தார். அவருடைய பாடப் புத்தகம் விலையில்லாமல் பதினேழு ஊர்களுக்குப் போயிருந்தது. 'யாரும் படியெடுக்கலாம், திருத்தலாம்' என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

படியெடுத்துக் கொடுத்தவர் உமாபதி. அம்மையாரைவிட வயதில் மூத்த சீடர்.

"அம்மா, இதனால் எவ்வளவு பயன் என்று எப்படி அளப்பது?" என்று ஒருநாள் கேட்டார்.

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்."

புறப்படும்போது தான் முதலில் எழுதிய படியை அம்மையாரின் புத்தகத்தோடு ஒப்பிட்டவர் ஒரு வரியை மறுபடி படித்தார். பேதியாகும் குழந்தைக்கு, அம்மையார் எழுதியது: ஒரு லிட்டர் நீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரை. உமாபதி தவறாக எழுதியிருந்தார். உப்பும் ஆறு. அதைப் பார்த்தே எழுதிய எல்லாப் படிகளிலும்.

அன்றே ஓடினார். முதல் ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சூசையம்மாள் தன் படியைக் காட்டினாள். உப்புக்கு நேரே 'ஆறு' அடிக்கப்பட்டு 'அரை' என்றிருந்தது.

"கரைச்சு நாக்குல வச்சுப் பார்த்தேன். கடல் தண்ணி! கீழே கொட்டிட்டு நர்சம்மாவைக் கேட்டு மாத்திட்டேன்."

"மற்ற ஊர்களில்?"

"அன்னிக்கே எல்லா ஊருக்கும் ஆள் விட்டுட்டோம். எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல."

உமாபதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்தது.

"எங்களிடம் ஏன் சொல்லவில்லை?"

"திருத்தலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

மனம் கேட்காமல் பதினேழு ஊருக்கும் போனார். எங்கும் அரைதான். ஓர் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கரண்டியைப் படமாகவே வரைந்திருந்தார்கள். அந்தப் படியைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"குழந்தைகள்?" என்றார் அம்மையார்.

"எல்லோரும் நலம்."

அம்மையார் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார்.

"பிழை என்னுடையது, அம்மா. நீங்கள் சொன்ன வேலையையும் முடிக்கவில்லை. பதினேழு படிகள் கொடுத்தோம், ஊர்க்காரர்களே மேலும் படியெடுத்து இப்போது எத்தனை இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. நாம் கொடுத்தது போலவே ஒன்றுகூட இல்லை. பயனை எதை வைத்து அளப்பேன்?"

அம்மையார் ஆசிரமத்துப் பிரதியை மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். கரண்டிப் படம் போட்ட படியை அந்த இடத்தில் விரித்தார்.

"இனி நாம் இதைப் பார்த்துப் படியெடுப்போம்."