பாட்டைத் தின்ற பித்தளைக் குழல்

முன்னொரு காலத்தில், பாட்டுக்குக் கட்டுப்பட்டுக் கதவுகள் திறந்த காலத்தில், மணிமுத்தூர் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் கோட்டைக் கதவுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. நாதஸ்வரத்தில் மல்லாரி என்கிற பாட்டை வாசித்தால் திறக்கும். வாசிப்பவள் தைலம்மை. தவில் அடிப்பவன் அவள் புருஷன் பக்கிரி. பக்கத்தில் தூளியில் கிடப்பது அவர்கள் கைக்குழந்தை அம்சா.

ஒருநாள் காலையில் கப்பல் வியாபாரி ஒருவன் சபைக்கு வந்து துணிமூட்டையைப் பிரித்தான். உள்ளே நேராக நீண்ட ஒரு பித்தளைக் குழல். உடம்பெல்லாம் விரலால் அழுத்தும் சாவிகள். முலாம் தேய்ந்து, பல கை பட்டு வழவழவென்று இருந்தது.

"மகாராஜா, இதன் பேர் சோப்ரானோ சாக்ஸபோன். ரொம்பப் பழசு. உங்களுக்கு இனாம்!"

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? ராஜா பார்க்கவில்லை. அதுதான் தப்பு.

தைலம்மையைக் குடும்பத்தோடு சபைக்கு அழைத்து, "வாசி, தைலம்மா!" என்றார்.

அவள் பார்த்துப் பார்த்துச் சாவிகளை அழுத்தி, மல்லாரியை வாசித்தாள். அடடா, என்ன இனிமை! முடிந்ததும் குழல் "ஏவ்" என்று ஏப்பம் விட்டது. கோட்டைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. திறக்கலாம் என்று நாதஸ்வரத்தை எடுத்தால் மல்லாரி வரவில்லை. ஊரில் ஒருவருக்கும் அதன் முதல் சுரம்கூட ஞாபகம் இல்லை.

"வேறு வாசி!" என்று பதறினார் ராஜா.

ஊஞ்சல் பாட்டை வாசித்தாள். "ஏவ்!" அன்று அரண்மனையில் நடந்த கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சல், பெண்ணோடும் மாப்பிள்ளையோடும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் களேபரத்தில் அம்சா வீறிட்டு அழுதாள். பெற்ற மனசு யோசிக்குமா? கையில் இருந்த குழலிலேயே தாலாட்டை ஊதிவிட்டாள் தைலம்மை.

"ஏவ்!"

குழந்தையின் கண்கள் திறந்தபடியே நின்றன. மூடவே இல்லை. தைலம்மை பாட வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தன் பிள்ளைக்குத் தினமும் பாடிய பாட்டு எங்கே?

வியாபாரி தலைப்பாகையைக் கழற்றி எறிந்து சிரித்தான். ஐயோ, அவன் செவிதின்னி என்கிற மந்திரவாதி!

"எனக்கென்று ஒரு பாட்டும் கிடையாது. அதனால் ஊர்ப் பாட்டெல்லாம் எனக்குத்தான்! உலகத்தில் இருக்கிற எந்தப் பாட்டையும் இந்தக் குழல் விழுங்கும். உன் பிள்ளை இனி தூங்காது. குழலைக் கொடு இப்படி!"

"மாட்டேன்!" தாலாட்டை எப்படியாவது மீட்கலாம் என்று தைலம்மை எதையோ ஊதத் தொடங்கினாள். நாதஸ்வரக்காரி விரல் அல்லவா? துளையைப் பாதி மூடிச் சுரத்தை வளைக்கப் போயிற்று. சாவியில் பாதி ஏது? விரல் வழுக்கி அடுத்த சாவியில் விழுந்தது. "கீய்ங்" என்று ஓர் அபசுரம்!

குழலுக்கு விக்கல் எடுத்தது. அதன் வாயிலிருந்து தாலாட்டின் ஒரு துணுக்கு "ஆரா..." என்று கீழே விழுந்தது.

தைலம்மைக்குப் பொறி தட்டியது. உலகத்தில் இல்லாத பாட்டை இது எப்படி விழுங்கும்? அந்த அபசுரத்தையே பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"என்ன தாளம் புள்ள?" என்று கத்தினான் பக்கிரி.

"தெரியல மாமா! என் பின்னாலயே வாங்க!"

"நிறுத்து! அடுத்த சுரம் என்ன?" என்று அலறினான் செவிதின்னி.

"எனக்கே தெரியாதே!"

குழல் விழுங்கப் பார்த்தது. அவள் வேறு பக்கம் திரும்பினாள். மறுபடி பார்த்தது, அவள் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். புரையேறி, இருமி, தின்றதையெல்லாம் கக்கியது குழல். மல்லாரி வந்தது, கதவு திறந்தது. ஊஞ்சல் பாட்டு வந்தது, ஊஞ்சல் ஆடியது. எந்தெந்த ஊர்ப் பாட்டோ எல்லாம் வந்தது. ஊரார் பாட்டால் உப்பியிருந்த செவிதின்னி, காற்றுப் போன தோல்பையாகச் சுருண்டு விழுந்தான். கடைசியாகத் தாலாட்டு வந்தது. அம்சா கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனாள். தைலம்மை ஓவென்று அழுதாள்.

ராஜா குழலையும் கூடவே ஒரு கிராமத்தையும் அவளுக்கே கொடுத்தார். "கடைசியில வாசிச்சியே, அதை இன்னொரு தடவை வாசி" என்றார்.

"அது போயிடுச்சுங்க மகாராஜா. திரும்ப வராது."

ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். "ஐயையோ! இப்ப யார் தின்னது?"

"யாரும் தின்னலீங்க. அது அந்த நேரத்துக்கு மட்டும் பொறந்தது. இருங்க, வேற வரும்."

தைலம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு குழலை வாயில் வைத்தாள். வந்தது.