மலைக்குப் போகும் பொட்டலம்

“குருவே, பயமா இருக்கு” என்றார் நல்லமுத்து.

“எதுக்குங்க ஐயா?” என்றாள் இளவேனில்.

“எதுக்குன்னு தெரிஞ்சா அதைச் சரி பண்ணிர மாட்டனா?”

நல்லமுத்து அரசு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல், சேலத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் இளவேனிலிடம் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயது. முதல் நாள் கேலிக்காகத்தான் ‘குருவே’ என்றார். போகப் போகக் கேலி போய், வார்த்தை மட்டும் நின்றுவிட்டது.

இப்போது அவர் எழுதி முடித்திருப்பது ஒரே ஒரு புரோகிராம். குழந்தையின் எடையைப் போட்டால், எந்த மருந்து எத்தனை மில்லி கொடுக்கலாம் என்று காட்டும்.

மலைமேல் இருக்கிற சுகாதார நிலையத்தில் கோமதி சிஸ்டர் தனி ஆள். டாக்டர் வந்தால் அன்றைக்கு மழை பெய்யும். ஒருமுறை அவசரத்தில் மனக்கணக்கு பிசகிவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. சிஸ்டர்தான் இன்னும் தேறவில்லை. அவள் போனில் அழுததைக் கேட்ட பிறகுதான் நல்லமுத்து இதை எழுத உட்கார்ந்தார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில், மலைக்கு மருந்து ஏற்றிப் போகும் சடையனின் ஜீப் வரும். மருந்துப் பெட்டிகளோடு, புரோகிராம் இருக்கும் பென் டிரைவும் மலையேறும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் பாதை அடைபடும், அப்புறம் எப்போது திறக்குமோ.

“பென் டிரைவுல பொட்டலமா என்னென்ன வச்சுக் கட்டியிருக்கீங்க?” என்றாள் இளவேனில்.

“புரோகிராம் இருக்கு. அது வெப்சைட் மாதிரி எழுதினது, திறந்து காட்ட பிரவுசர் வேணும். மலையில நெட்டும் கிடையாது, இருக்கிற பிரவுசரும் ஓட்டை. அதனால பிரவுசரையே முழுசா உள்ள வச்சுட்டேன். தமிழ் எழுத்தையும் வச்சுட்டேன்.”

“வேற?”

“வேற என்ன குருவே வேணும்?”

“போட்டுப் பார்த்தீங்களா?”

“பார்க்காத இடம் ஏது? மருமகன் கம்ப்யூட்டர், தம்பி கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர். ஜெராக்ஸ் கடைக்காரர் இப்பல்லாம் என்னைத் தூரத்துல பார்த்தாலே ஷட்டரை இறக்குறார்.”

“யாரு போட்டுப் பார்த்தது?”

“நாந்தான். இதுல இன்னொருத்தரை நம்பி விட முடியுமா?”

இளவேனில் தன் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

நல்லமுத்து பென் டிரைவைச் செருகினார். புரோகிராமை ஏற்றினார். திறந்தார். விண்டோவின் மூலையைப் பிடித்து லேசாக இழுத்து வைத்துக்கொண்டு, “பாருங்க” என்றார்.

எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. எடையைப் போட்டார். மருந்தின் அளவு வந்தது.

இளவேனில் திரையைப் பார்க்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா இருக்கா குருவே?”

“டீ குடிக்கலாம்” என்றாள்.

உயிர் போகிற நேரத்தில் டீயா என்று நல்லமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. குரு ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டார்.

அவள் பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரிலும் விளிம்புவரை ஊற்றினாள். ஒன்றை அவருடைய இடது கையில் கொடுத்தாள்.

“என்னோடதையும் கொஞ்சம் பிடிங்க ஐயா.”

வலது கையிலும் ஒன்று வந்தது. அசைந்தால் சிந்திவிடும். மேஜையில் வைக்கலாமென்றால் ஒயரும் கீபோர்டுமாக இடமே இல்லை. நல்லமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இளவேனில் புரோகிராமை மூடினாள். மறுபடி திறந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

விண்டோ வந்தது. வெள்ளையாக இருந்தது.

நல்லமுத்து காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.

வெள்ளையாகவே இருந்தது.

“அது ஒண்ணுமில்ல குருவே, அந்த மூலையை...” என்றபடி அவருடைய வலது கை தானாக எழுந்தது. சூடான டீ மணிக்கட்டு வழியாக வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது.

அவர் கையை உதறவில்லை. அப்படியே பாதி எழும்பினபடி நின்ற கையைப் பார்த்தார். மூலையை ஓர் இழுப்பு இழுத்தால் எழுத்து வந்துவிடும். மருமகன் வீட்டிலும் இழுத்தார். ஜெராக்ஸ் கடையிலும் இழுத்தார். எப்போது தொடங்கிய பழக்கம் என்று யோசித்தார், பிடிபடவில்லை.

கோமதி சிஸ்டர் கண்முன் வந்தாள். மடியில் காய்ச்சல் பிள்ளை, எதிரே வெள்ளைத் திரை. அவள் எதை இழுப்பாள்? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி மனக்கணக்குதான் போடுவாள். நல்லமுத்துவுக்குக் கை சுட்டது அப்போதுதான் உறைத்தது.

இளவேனில் எழுந்து அவர் கையிலிருந்து டம்ளர்களை வாங்கிக்கொண்டாள்.

கீழே ஹாரன் சத்தம். நல்லமுத்து ஜன்னலுக்கு ஓடினார்.

“சடையா, இன்னைக்குக் கிளம்பாத. விடியக்காலம் வா.”

“மழை வந்துட்டா என்ன சார் பண்றது?”

“வராதுன்னு வேண்டிக்க.”

சடையன் வானத்தைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“ஏன் சார், எதையாச்சும் வைக்க மறந்துட்டீங்களா?”

நல்லமுத்து சிவந்திருந்த வலது கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக் காட்டினார்.

“இதை” என்றார்.